தூரத்தில் இருப்பவள்

ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவளைத் தம்பி "வா" என்றுகூடச் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அப்பா போய் நாலு மாதம். வீடு இருவருக்கும் சரிபாதி. அதில் சண்டை இல்லை. ஆனால் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அவள் பேரில் எழுதியிருந்தார். வெளி மாநிலத்தில் இருக்கும் மகள் பேரில்.

"வங்கி வேலை இன்னிக்காவது முடியுமாடா?"

"எனக்கென்ன தெரியும்? நம்பிக்கையான ஆளு நீதானே."

"ஏண்டா குத்திக் குத்திப் பேசற?"

"பின்ன? ஆறு வருஷம் தூக்கி உட்கார வெச்சேன், குளிப்பாட்டினேன். கட்டிலைத் தட்டறாரோன்னு இப்பவும் பாதித் தூக்கத்துல எழுந்து உட்கார்றேன். அதுக்கெல்லாம் என் கை வேணும். கையெழுத்துக்கு மட்டும் நீ வேணுமாக்கும்."

அந்த ஆறு வருஷமும் விருந்தாளி மாதிரி வந்து போனவள் அவள். சொந்தக்காரர்களும் அப்பாவைத்தான் திட்டினார்கள்: "பெரியவருக்கு நன்றியே இல்லை."

வங்கியில் இன்னொரு சான்றிதழ் கேட்டார்கள். வீட்டுவரி அலுவலகத்தில் நாளைக்கு வரச் சொன்னார்கள். அவளுடைய மேனேஜரோ, "அடுத்த தடவை லீவு கேட்காதீங்க, ராஜினாமாவே அனுப்பிடுங்க" என்று போனை வைத்தார்.

சாயங்காலம் தம்பியை இழுக்காத குறையாக வக்கீலிடம் கூட்டிப்போனாள்.

"சார், இனிமே என்னால அலைய முடியாது. நான் விலகிக்கறேன். இவன் பேருக்கே மாத்திடுங்க. உள்ளூர்லயே இருக்கான்."

"விலகிக்கலாம்மா. எழுதற அன்னிக்கே அப்பாகிட்ட நானும் அதைத்தான் சொன்னேன். பக்கத்துல பையன் இருக்கறப்போ பொண்ணை எதுக்கு அவ்வளவு தூரத்துலேர்ந்து இழுக்கறீங்கன்னு."

தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "என்னை நம்ப முடியாதுன்னாரா?"

"இத்தனை நாள் நீங்க யாரும் கேக்கல. நானும் சொல்லல." வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

"'ஆறு வருஷமா அவனைத் தூங்கவிடல சார். நான் போனப்புறமாவது அவன் தூங்கட்டும். எனக்காக அலையறது எப்படி இருக்கும்னு அவளுக்கும் ஒரு தடவை தெரியட்டும்'னார்."