கஷ்டக் கூண்டு

"சங்கையா! கஷ்டக் கூண்டு எலியெல்லாம் எப்படிக் குண்டாச்சு?" டாக்டர் துரை தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் சங்கையா தலையைச் சொறிந்தான். "தெரியலங்க தொரை. நீங்க சொன்னபடி ஒண்ணு விடாமத்தான் செஞ்சேன்."

செய்தான்தான். சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் துரை வெள்ளை எலிகளை இரண்டு கூண்டாகப் பிரித்திருந்தார். அவர் அறைக்குள் சுகக் கூண்டு: எலிக்கு ஓர் அறை, வைக்கோல் மெத்தை. பின்பக்கத் தாழ்வாரத்தில் கஷ்டக் கூண்டு: நெருக்கடி, ஒழுகல், கண்ணயர்ந்தால் மணியோசை, அவ்வப்போது தரிசனம் தர ஒரு பூனை. மனக்கஷ்டத்தில் உடம்பு கெடுமா என்று பார்ப்பது துரையின் ஆராய்ச்சி.

"எலி இளைத்தால், நெருக்கடி உடம்புக்குக் கெடுதல் என்று கம்பெனிக்கு எழுதுவேன். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் குடும்பத்துக்கு ஒரு வீடு கொடுப்பார்கள்" என்று துரை சொல்லியிருந்தார். அன்று முதல் சங்கையாவைப் போல மணியடித்தவன் அந்த மலையிலேயே இல்லை. அவனுடைய ஒற்றை அறையில் இரண்டு குடும்பம், நடுவே ஒரு சாக்குப் படுதா. கட்டிய பெண்டாட்டியோடு வாய்விட்டுச் சிரிக்கக்கூட வழியில்லை.

தாழ்வாரம் கூட்டுகிற அந்தப் பெண்டாட்டி சின்னத்தாயோ, கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எலிப் பாவம் புருஷனைப் பிடிக்கக்கூடாதென்று வேண்டுகிறாள் போலும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"இப்ப என்ன எழுதுவீங்க தொரை?"

"பார்த்ததைத்தான் எழுதணும். நெருக்கமும் ஈரமும் உடம்புக்கு நல்லது."

ஒழுகுகிற கூரைக்கு ஒரு தகரம் போட வருஷக்கணக்கில் யோசிக்கிற கம்பெனி, இந்தக் கடிதத்துக்கு மட்டும் உடனே வேலை செய்தது. அடுத்த வாரமே சங்கையாவின் அறையில் மூன்றாவது குடும்பம் சட்டி பானையோடு வந்து இறங்கியது.

சங்கையா தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "பாவம் பழி பாக்காமப் படுத்துனேனே புள்ள! அப்புறமும் எப்படித்தான் கொழுத்துச்சோ!"

சின்னத்தாய்க்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? நமக்குத் தனி வீடு கெடைக்கணும்னு பிள்ளையாருக்கு நேந்துக்கிட்டேன். இங்க கோயிலுக்கு எங்க போறது? அதான், என் பங்கு அரிசியில கொழுக்கட்டை பிடிச்சு, தெனமும் கூட்டப் போறப்ப அவரு வாகனத்துக்கே ஊட்டிட்டு வந்தேன்!"