கொக்கி மூக்கு மிளகாய்

“செடியிலேருந்து கைய எடு, டெல்ஃபினோ.”

டெல்ஃபினோ எடுக்கவில்லை. இரண்டு தோட்டங்களுக்கும் நடுவிலிருந்த வாய்க்காலை அப்படியே மிதித்துத் தாண்டி வந்ததில் காலணி சொதசொதத்தது. விரல்களுக்கு நடுவே நன்றாகச் சிவந்த மிளகாய். நுனி கொக்கிபோல வளைந்திருந்தது. சிமாயோ பள்ளத்தாக்கில் இப்படிக் காய்த்தது ஒரே வீட்டில்தான். அவன் வீட்டில், பெலன் உயிரோடு இருந்தவரை.

“இது என் பொண்டாட்டியோட செடி. நீ திருடியிருக்க.”

“பள்ளிக்கூட வாத்தியாரா இருந்துக்கிட்டு பெரியவங்கள ‘நீ, வா’ன்னு பேசுற.” பக்கத்து வீட்டு குருசீட்டா மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. “வருஷா வருஷம் எனக்கு விதை குடுத்ததே உன் பொண்டாட்டிதான்.”

“அது ஒரு தடவையாவது முளைச்சுதா? உங்களுக்கு விதைக்கிற கையே இல்லைன்னு ஊரே சிரிச்சுது.”

“சிரிக்க வச்சதே அவதான். கோயில் வாசல்ல எல்லார் முன்னாடியும், ‘அக்கா கை பட்டா கல்லுகூடச் செத்துடும்’னா. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.”

“செத்தவளைப் பேசாதீங்க. இந்தச் செடி எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க.”

அவள் நிமிர்ந்தே சொன்னாள். “அடக்கத்தன்னிக்கு. வந்தவங்களுக்குச் சமைக்கணும்னு உன் வீட்டு மிளகாய்ச் சரம் முழுசையும் பிரிச்சோம். கிள்ளி விதைய உதறினது நான். குப்பைக்குப் போறதுல ஒரு பிடிய ஏப்ரன் பையில போட்டுக்கிட்டேன்.”

“அவளைப் புதைக்கிற அன்னிக்கு.”

“ஆமா. அன்னிக்குத்தான்.”

அவன் குனிந்து தண்டைப் பிடித்தான். வேரோடு வந்துவிடும்போல மண் விரிசல் விட்டது.

“பிடுங்கு,” என்றாள் குருசீட்டா. “உன் தோட்டத்துல என்ன முளைச்சுதுன்னு சொல்லிட்டுப் பிடுங்கு.”

பிடி தளர்ந்தது.

பெலன் விட்டுப்போன விதையை மூன்று முறை விதைத்திருந்தான். ஜன்னலோரத் தட்டுகளைத் தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். வெறும் மண். அவள் விட்டுப்போனதில் உயிருள்ளது அது ஒன்றுதான், அதையும் தன் கையே கொன்றுவிட்டது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

“ஒண்ணும் முளைக்கல, போதுமா?” சட்டைப் பையிலிருந்து சிறிய கண்ணாடி ஜாடியை எடுத்து அவள் கையில் திணித்தான். “அவ அலமாரியில இருந்த ஒரே ஜாடி. மிச்ச விதை இவ்வளவுதான். இதையும் எடுத்துக்கங்க. திருட்டு முழுசாகட்டும்.”

குருசீட்டாவுக்கு அந்த ஜாடியைத் தெரியும். ஒவ்வொரு வசந்தத்திலும் பெலன் அதிலிருந்துதான் ஒரு சிட்டிகை அள்ளி, காகிதத்தில் மடித்து, சிரித்துக்கொண்டே நீட்டுவாள்.

மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு விதையைப் பல்லில் வைத்துக் கடித்தாள். மண்வெட்டி முதல் தடவையாகக் கீழே சாய்ந்தது.

அவள் கொக்கி மூக்கு மிளகாயைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“விதைக்கு இதை வச்சுக்கோ, தம்பி. உன் கையிலயும் குத்தமில்ல, என் கையிலயும் குத்தமில்ல. இந்த ஜாடியில இருக்கிறது எனக்குக் குடுக்கன்னே அவ வறுத்து வச்ச விதை.”