புகைக்கும் சத்தத்துக்கும் நடுவில்

கடற்கரையை அளந்து படம் வரைய அனுப்புவதற்காக, அந்தச் சிறிய பாய்மரப் போர்க்கப்பலின் பத்துப் பீரங்கிகளில் ஒன்பதைக் கழற்றிவிட்டு மேசைகளைப் போட்டார்கள். மிஞ்சிய ஒன்று குண்டில்லாமல் சுட்டது. தினமும் உச்சிப்பொழுதில் அது ஒருமுறை சுடும். புகை தெரிந்ததிலிருந்து சத்தம் வந்துசேரும்வரை, கரையில் கடிகாரத்தோடு நிற்கும் அப்பாவு விநாடிகளை எண்ணுவார். கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். பீரங்கிக்குத் திரி வைப்பவன் சவேரியம்மாளின் புருஷன் கயித்தான். மூன்று வருஷமாக அவன் ஊருக்கு வரவில்லை. கப்பல் நங்கூரம் போட்டால்தான் கரையிறங்க விடுவார்கள். போடாமல் ஊரைக் கடந்தும் போய்விடலாம். அதனால் அவளும் அப்பாவுவின் பக்கத்தில் நின்று விரல்விட்டு எண்ணினாள். திங்கட்கிழமை இருபத்திரண்டு. மறுநாள் பதினைந்து. புதன்கிழமை ஏழு.

"நாளைக்குக் கூடிச்சுன்னா உன் மாப்பிள்ள தெக்க போயிட்டாருன்னு வெச்சுக்க" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு ரெஜினா.

வியாழக்கிழமை ரெஜினாவும் வந்து நின்றாள். புகை எழுந்தது. மூவரும் எண்ணினார்கள். ஏழில் சத்தம் வந்தது.

"நேத்தும் ஏழுதான ஐயா?" என்றாள் சவேரியம்மாள்.

அப்பாவு நோட்டைப் புரட்டினார். "ஏழுதாம்மா. கப்பல் நின்னுட்டு."

அவள் அதற்குள் மணலில் பாதி தூரம் போயிருந்தாள்.

"எங்கடீ ஓடுத?" என்று ரெஜினா கத்தினாள்.

"உலை வைக்கணும்."

"இப்பந்தான சோறு வடிச்ச?"

"அது எனக்கு மட்டும் வடிச்சது" என்றாள் சவேரியம்மாள், திரும்பிப் பார்க்காமலே.