எந்தப் பக்கம்?

“மாமா, அத்தாவைக் குப்புறப் போட்டுட்டாங்க!”

ஐ.சி.யு. கண்ணாடிக் கதவருகிலிருந்து ஷாஹினா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். தாய்மாமன் இஷாக் பதறி எழுந்தார்.

“மெசினை எடுத்துட்டாங்களா?”

“தெரியல மாமா. மூஞ்சியே தெரியல!”

நிமோனியாவில் நுரையீரல் இரண்டும் கெட்டு, அவளைப் பெற்ற அத்தா பாரூக் நேற்றிலிருந்து வென்டிலேட்டரில் இருந்தார். யாரும் குப்புறப் படுப்பதே அவருக்கு ஆகாது. அம்மா இறந்ததிலிருந்து, மகள் தூங்கிய பிறகுதான் பிரியாணிக் கடையை மூடிவிட்டு வருவார். அவள் விழிக்கும் முன் கறி வாங்கப் போய்விடுவார். ஆனால் குப்புறக் கிடப்பவளை ஒருநாளும் புரட்டிப் போடாமல் விட்டதில்லை. “மூச்சு முட்டும் ஆத்தா” என்பார். தூக்கக் கலக்கத்தில் அந்தக் கையின் பட்டை, கிராம்பு வாசனை மட்டும் அவளுக்குத் தெரியும்.

நர்ஸ் சகாயமேரி வெளியே வந்தார்.

“சிஸ்டர், எங்கத்தாவைத் திருப்பிப் போடுங்க! மூச்சு முட்டும்!”

“ஏம்மா இம்புட்டுக் கத்துற? முதுகுப்பக்கம் நுரையீரல் அமுங்கிக் கெடந்துச்சு. குப்புறப் போட்ட பெறகுதான் மெசின் காத்தே உள்ள போகுது. ஆக்சிஜன் ஏறியிருக்கு.”

இஷாக் மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷாஹினாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

“எந்திரிச்சு வரட்டும். இனிமே என்னையப் புரட்டிப் பாக்கட்டும்!”

“அதை அவர்ட்டயே சொல்லிக்க. இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. விடியிற வரைக்கும் இப்டித்தான் கெடக்கணும், தலையத் தோதா வைக்கணும். வீட்ல தூங்குறப்ப எந்தப் பக்கம் சாஞ்சு படுப்பாரு?”

ஷாஹினா கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அத்தா தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

“சொல்லும்மா, வலப்பக்கமா, இடப்பக்கமா?”