யாருடைய தென்னை?

பக்கத்து வீட்டு அன்னம்மாளின் தென்னை மரத்தை வெட்டச் சொல்லி எத்திராஜ் வழக்குப் போட்டிருந்தார். மட்டை விழுந்து விழுந்து அவருடைய தறிக் கொட்டகையில் ஒரு ஓடுகூட முழுசாக இல்லை.

முதல் வாய்தாவிலேயே அன்னம்மாளின் வக்கீல் சத்யப்ரியா எழுந்தாள்.

“விசாரணையே தேவையில்லைங்க ஐயா. வாதி பிராதோட கொடுத்திருக்கிற சர்வே வரைபடத்தைப் பாருங்க.”

நீதிபதி பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“எத்திராஜ், உங்க வரைபடப்படி மரம் உங்க மனையிலதான் நிக்குது. உங்க மரத்தை வெட்டறதுக்கு அவங்க மேல எப்படி வழக்குப் போட முடியும்? பிராதை நிராகரிக்கிறேன்.”

எத்திராஜின் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் அன்னம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

“என் மரம்னு நெனச்சு இருபது வருசமா தண்ணி ஊத்திக்கினு இருந்தேன்பா. இனிமே உன் இஷ்டம். எப்போ வெட்டப் போறே?”

“வெட்டறதா?” எத்திராஜ் பதறிப்போனார். “குலை குலையா காய்க்கிற மரம்க்கா! எவனாச்சும் வெட்டுவானா?”

நாலடி நடந்தவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அக்கா, தண்ணி மட்டும் எப்பவும்போல நீயே ஊத்துறியா?”