வலது கைக்குச் சூடு

யுத்த காலத்தில் துணிக்கு அத்தனை கிராக்கி. அப்படியிருந்தும், இலுப்பூர் ஜவுளிக்கடைக்கு வந்தவர்கள் துணியை விட்டுவிட்டு, அளக்கும் முதலாளி திருப்பதியின் விரல்களையே பார்த்தார்கள். விரலெல்லாம் மரு.

ஊரார் இரண்டு வைத்தியம் சொன்னார்கள். ஒன்று, ஊதுவத்தி நெருப்பால் சுடுவது. மற்றது, சுண்ணாம்பும் சவுக்காரமும் குழைத்துத் தடவுவது. எது கேட்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளையாக அவர் மனைவி சொர்ணவல்லிக்கும் இரண்டு கையிலும் மரு இருந்தது.

"வலது கையில சூடு வையி. இடது கையில சுண்ணாம்பு தடவு. எது கேக்குதுன்னு பாத்துட்டு நான் செஞ்சுக்குறேன்."

"ஏங்க, வலது கை வந்து..."

"குறுக்க பேசாத."

அவள் ஊதுவத்தியோடு அடுப்படிக்குப் போனாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. இடது கை புண்ணாகியும் மரு போகவில்லை. வலது கையில் மரு இருந்த இடமே தெரியவில்லை.

"பாத்தியா, சூடுதான் சரி" என்று திருப்பதி ஊதுவத்தியைக் கொளுத்தினார்.

"ஏங்க, அது வந்து..."

"குறுக்க பேசாதன்னேன்ல."

அவர் போட்ட அலறல் கடைத்தெரு வரைக்கும் கேட்டது.

கொப்புளம் வெடித்த விரல்களால் சோற்றைத் தொட முடியவில்லை. சொர்ணவல்லிதான் ஊட்டினாள்.

"நீ எப்படித்தான் தாங்குன?"

"நான் எங்கங்க தாங்குனேன்? வலது கையில ஒண்ணுமே வைக்கல. புண்ணுக் கையால சோறு போட்டா நீங்க சாப்பிட மாட்டீங்களே. மரு தானா விழுந்துருச்சு."

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன்" என்று அடுத்த கவளத்தை உருட்டினாள். "இப்ப குறுக்க பேசாதீங்க. வாயத் தொறங்க."