பூவரச முண்டு

“இன்னிக்காவது வெட்டிக்கலாமாம்மா?” என்று கேட்டபடி அஸார் ரம்பத்தோடு வண்டியிலிருந்து இறங்கினார்.

கொல்லைப் பூவரசின் அடியில் பானை மாதிரி புடைத்திருந்த முண்டைத்தான் கேட்டார். அந்த மாதிரி முண்டுகளைக் குடைந்து கிண்ணம் செய்வது நாகூரில் அவருக்குத் தொழில்.

வீட்டுக்காரி ஆனந்தம் அதைத் தருவதாகச் சொல்லி ஒரு வருடமாகிறது. ஆனால் அவர் எப்படியோ வளர்பிறையிலேயே வந்து நிற்பார். “வளர்பிறையில வெட்டின மரத்தைப் பூச்சி அரிச்சிடும் தம்பி” என்பாள். “ஆமால்ல, மறந்துட்டேன் பாருங்க” என்று அவரும் உட்கார்ந்துவிடுவார். டீ குடித்தபடி நாகூர்க் காற்று, நன்னிலத்து மழை என்று சாயங்காலம் வரை பேச்சு ஓடும். அந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேச வேறு யாரும் இல்லை. முண்டு போய்விட்டால் அவர் எதற்கு வரப்போகிறார்?

இன்று சாக்குச் சொல்ல வழியில்லை. பௌர்ணமி கழிந்துவிட்டது. சுவர்க் காலண்டரில் தேய்பிறை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“வெட்டிக்குங்க தம்பி” என்றாள்.

அஸார் அந்தக் காலண்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரம்பத்தைச் சுவரோரம் சாத்தினார்.

“அடடா, இன்னிக்கும் வளர்பிறையால்ல இருக்கு!”

ஆனந்தத்துக்குச் சிரிப்பு வந்தது. “மாசாமாசம் பிறை பார்க்கிற ஆளுங்க நீங்க. உங்களுக்கா தெரியாது?”

“பார்த்துச் சொல்ல வீட்ல யாரும் இல்லைம்மா” என்றார் அவர், டீக்காக உட்கார்ந்துகொண்டே.